குளிரூட்டும் பீங்கானும் அத்தையின் ஈயச் சொம்பும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அரங்கை வாடகையில்லாமல் தந்த கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மின்விசிறிக்கு அடியில் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிட்ட மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனி நன்றி. சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: எலக்ட்ரோகலோரிக் விளைவு, ரிலாக்சர் பீங்கான், மின்கட்டணம்.

ரப்பர் பேண்டை வெடுக்கென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சுடும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டுத் தளர்த்துங்கள், சில்லிடும். சில பீங்கான்களில் இந்த வேலையை மின்புலம் செய்கிறது. இதுதான் எலக்ட்ரோகலோரிக் விளைவு. உள்ளே கலைந்து கிடக்கும் மின் இருமுனைகள் (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின்) புலத்தில் வரிசைகட்டும்போது பீங்கான் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டுப் புலத்தை நிறுத்தினால் அவை மறுபடி கலையும், பீங்கான் குளிரும். கம்ப்ரசரும் வேண்டாம், வாயுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜ்களில் நெடுநாள் ஓடிய ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். இந்தப் பீங்கானை வைத்துச் செய்யும் ஃப்ரிட்ஜில் அதற்கு வேலையே இல்லை.

1930இல் சோவியத் நாட்டின் கோபெக்கோவும் குர்ச்சாத்தவும் ரோஷெல் உப்பு என்ற படிகத்தில் இதைக் கண்டார்கள். விளைவு துளியூண்டு. 2006இல் கேம்பிரிட்ஜ் குழு ஒரு மெல்லிய படலத்தில் 12 டிகிரி மாற்றம் வரும் என்று கணக்கிட்டுக் காட்டியது. ஆனால் அது 220 டிகிரிக்கு மேல். அங்கே யார் மோர்ப்பானை வைப்பார்கள்? 2023இல் லக்சம்பர்க் குழுவின் கருவி சூட்டுமுனைக்கும் குளிர்முனைக்கும் இடையே 20 டிகிரி வேறுபாட்டை எட்டியது. சபாஷ். ஆனால் கேம்பிரிட்ஜ் படலம், லக்சம்பர்க் கருவி, இரண்டின் பொருளிலும் நஞ்சான காரீயம்!

ஈயம் என்றதும் என் அத்தை நினைவுக்கு வருகிறார். கல்யாணமான புதிது. மாமியார் சீதனமாக வந்த ஈயச் சொம்பைக் கொடுத்து, "ரசம் வை" என்றார். அத்தை சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கப் போனார். புளியோடு பக்கத்து வீட்டுக் கதையும் கரைந்தது. திரும்பி வந்தால் சொம்பைக் காணோம்! அடுப்புக்குள் வெள்ளிக் குட்டை மாதிரி ஏதோ மினுக்குகிறது. "திருடன் வந்துட்டான்" என்று அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மாமனார் குனிந்து பார்த்து, "திருடன் உருகிட்டாம்மா" என்றார். அந்தச் சொம்பு காரீயமல்ல, வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருந்தால் சூடு 100ஐத் தாண்டாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரசத்துக்கு எவர்சில்வர்தான். நிழலின் அருமை வெயிலில் தெரியும். ரசத்தின் அருமை சொம்பு உருகினால் தெரியும்.

சரி, ரிலாக்சர். பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானில் காரீயமில்லை. ஆனால் அதன் விளைவு 120 டிகிரியை ஒட்டித்தான் உச்சம் தொடும். டைட்டானியத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சிர்கோனியம் சேர்த்தால் உச்சம் அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். சிர்கோனியத்தை இன்னும் கூட்டினால் ரிலாக்சர்: இருமுனைகள் சின்னச் சின்னத் திட்டுகளாகப் பிரிந்து நிற்க, விளைவு அகலமான வெப்பநிலைப் பரப்பில் கிடைக்கும். குளிர்ச்சி பல பீங்கான்களில் ஓரிரு டிகிரிதான். புலத்தைக் கூட்டினால் பீங்கான் தாங்காமல் உடைபடும். மெல்லிய அடுக்குகளாக்கிப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். ஆய்வகத்தில் காரீயத்தை விரட்ட இவ்வளவு பாடுபடுகிறார்களே, நம் அடுப்படியில்? வெள்ளீயச் சொம்பு என்று விற்பதில் காரீயம் கலந்தால் புளிரசம் அதைக் கரைத்துக் குழந்தையின் இலைக்குக் கொண்டுவரும். குழந்தை மூளைக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. காகிதத்தில் உரசினால் சுத்தக் காரீயம் கறுப்புக் கோடு போடும். கலப்படம் அதற்கெல்லாம் பிடிபடாது. விற்கும் ஒவ்வொரு சொம்பிலும் பரிசோதனை முத்திரை வேண்டும். நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, தலையசைத்தீர்கள், பார்த்தேன்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மின்கட்டணம் இன்னொரு மேடைக்கு. சொம்புக்கு முத்திரை கேட்கும் மனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வைத்துவிடுங்கள். போன கூட்டத்தில் நான்கு காணாமல் போயின. வணக்கம்.