10 எம்எம் போல்ட்டுக்கு 10 எம்எம் சாக்கெட் ஏன் நுழையாது?

(திரையில்: மேசை மேல் ஒரு போல்ட், பக்கத்தில் சாக்கெட் வரிசை)

வணக்கம் மக்களே. கையில் இருப்பது எம்10 போல்ட். கடையில் "10 எம்எம் போல்ட்" என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். சரி, 10 எம்எம் சாக்கெட்டை வைக்கிறேன். நுழையவில்லை. 13? ம்ஹும். 16? அதுவும் இல்லை. 17 போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மீதி 7 எம்எம் எங்கிருந்து வந்தது?

எம்10 என்பது மரை ஓடும் தண்டின் தடிமன். சாக்கெட்டில் பொறித்திருக்கும் எண்ணோ தலையின் அளவு. ஒரு பட்டையிலிருந்து, அதாவது தலையின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து, நேர் எதிர்ப் பட்டை வரை. போல்ட் அளவைச் சொல்லி சாக்கெட் எடுப்பது, காலர் அளவைச் சொல்லி பேன்ட் வாங்குகிற கதை. தலை மேல் 8.8 என்று இருக்கிறதே, அது 8 எம்எம்மா என்று கேட்காதீர்கள். அது போல்ட்டின் பலம்: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும், அதில் 80 சதவீதம் வரை போனாலும் நிரந்தரமாக நீண்டுவிடாது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. இதே எம்10 போல்ட்டை ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றினால் பெரும்பாலும் 14 சாக்கெட் போதும். பழைய ஜெர்மன் தரத்தில் 17. பிறகு வந்த ஐஎஸ்ஓ என்ற சர்வதேச தரத்தில் 16. தண்டு ஒன்றுதான், தலை மட்டும் மூன்று விதம்! எம்8 எடுத்தால் ஜெர்மனிக்கு 13, ஜப்பானுக்கு 12. எம்12க்கு பழைய ஜெர்மன் 19, ஐஎஸ்ஓ 18, ஜப்பான் 17. தலை சின்னதானால் இரும்பும் மிச்சம், நெருக்கமான இடத்தில் சாக்கெட் நுழையவும் வசதி. ஜப்பான்காரர் கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஜெர்மன் கார் ரசிகர்கள் கமெண்டில் வந்து திட்டலாம்.

அதனால்தான் மாருதி, ஹோண்டா பார்க்கும் மெக்கானிக் கையில் 10, 12, 14, 17 மட்டும் தேய்ந்து பளபளக்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஹூண்டாய்க்கும் அதே நான்கு பெரும்பாலும் போதும். ஃபோக்ஸ்வாகன் வந்து நின்றால் 13, 16, 18 தேட வேண்டும். செட்டில் சும்மா கிடக்கும் 15 எதற்கு என்கிறீர்களா? ஃபோர்டு பக்கம் போய்ப் பாருங்கள்.

இதைவிட வேடிக்கை பழைய இங்கிலாந்து வண்டிகள். அங்கே விட்வொர்த் என்ற பழைய அங்குல முறை ஸ்பேனரில் 1/4 என்று இருந்தால் அது கால் அங்குல போல்ட்டுக்கான ஸ்பேனர் என்று அர்த்தம். அதன் வாயை அளந்தால் 13.3 எம்எம். நாம் ஆரம்பத்தில் எதிர்பார்த்த கணக்கை அவர்கள் அப்படியே பொறித்துவிட்டார்கள்! ஆனால் உங்கள் மெட்ரிக் (எம்எம்) செட்டில் 13 ஏறாது, 14 லொடலொடக்கும்.

சரி, அளப்பது எப்படி?

(திரையில்: வெர்னியர் அளவுகோல், நெருக்கக் காட்சி)

துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வெர்னியர் அளவுகோலின் தாடையைப் பட்டை மேல் வையுங்கள். மூலையில் வைக்காதீர்கள். 12 எம்எம் தலையை மூலைக்கு மூலை அளந்தால் 13.8 வரை காட்டும், நீங்கள் 14 சாக்கெட்டோடு கிளம்பிவிடுவீர்கள். பட்டைக்குப் பட்டை அளக்கும்போது எண் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், 12.8 என்றால் 13 எடுங்கள். வெர்னியர் இல்லையா? சின்ன சாக்கெட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறுங்கள், முதலில் உட்காருவதுதான் உங்களுடையது.

உட்கார்ந்த பிறகு இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் அங்குல போல்ட்டாக இருக்கலாம். முக்கால் அங்குலம் 19.05 எம்எம், அதனால் 19 பெரும்பாலும் பொருந்தும். அரை அங்குலம் 12.7, அங்கே 13 ஆடும்; லேசான முறுக்குக்குச் சமாளிக்கலாம், இறுகிய போல்ட்டில் மூலையை மழித்துவிடும்.

சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டில் மாட்டும் சதுரம் மட்டும் மெட்ரிக் செட்டிலும் அங்குலம்தான்: 1/4, 3/8, 1/2. பெரிய போல்ட்டுக்குப் பெரியது.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டுக்கு 12 முனை சாக்கெட் வேண்டாம், 6 முனை போடுங்கள். 12 முனையில் பிடிப்பு மூலைக்குப் பக்கத்தில் விழும்; 6 முனை பட்டையில் அகலமாகப் பிடிக்கும். தலை ஏற்கெனவே உருண்டு போயிருந்தால் கதை வேறு, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். உங்கள் செட்டில் காணாமல் போன நம்பரைக் கமெண்டில் சொல்லுங்கள். 10 என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எல்லார் வீட்டிலும் காணாமல் போனதுதான்.