கண்ணைக் காட்டும் முன் கையைக் காட்டுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணாடி போட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன வேலை பார்க்கிறீர்கள்? அந்த வேலையைச் செய்கிற மாதிரி உட்கார்ந்து காட்டுங்கள்" என்பதுதான். பாதிப்பேர் சிரிப்பார்கள். கண்ணைப் பார்க்கச் சொன்னால் இவன் கையைப் பார்க்கிறானே என்று கூட வந்தவரிடம் முணுமுணுப்பார்கள். ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மார்ச் மாதம், புளி சீசன். காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். சந்தையில் வாங்கிய கண்ணாடி ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பவர் 2.50. அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கார்டில் இருக்கும் பொடி எழுத்தைத் தடையில்லாமல் படித்தார். "பிறகு என்னம்மா குறை?" என்றேன். "படிக்க நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. புளி தட்ட உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, விரலில் அடித்துக்கொள்கிறேன்" என்று கட்டை விரலைக் காட்டினார். நகம் கறுத்திருந்தது.

கடைத் தரையிலேயே உட்காரச் சொன்னேன். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். என் மேஜையில் இருந்த காகித எடைக்கல் அவருக்குத் தட்டுக்கல் ஆனது, என் பேனா இரும்புக் கம்பி ஆனது. ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பதை வெறுங்கையால் அப்படியே செய்து காட்டினார். தையல் டேப்பை எடுத்துக் கண்ணுக்கும் கைக்கும் இடையே அளந்தேன். 62 சென்டிமீட்டர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தூரத்துப் பார்வையில் குறை இல்லாதவர் போடும் படிக்கிற கண்ணாடி எந்தத் தூரத்தில் தெளிவாகக் காட்டும் என்பதை, 100ஐப் பவரால் வகுத்தால் சென்டிமீட்டரில் தெரிந்துகொள்ளலாம். 2.50 என்றால் 40 சென்டிமீட்டர். 2.00 என்றால் 50. 1.50 என்றால் ஏறக்குறைய 67. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் சொந்தச் சக்தி மிச்சம் இருக்கும், அதனால் கணக்கு முன்பின் ஆகும். அறுபதை நெருங்கினால் அநேகமாக இந்தக் கணக்குதான். அந்த அம்மாவின் கண்ணாடி 40 சென்டிமீட்டரில் தெளிவு, புளி இருப்பது 62இல். நடுவில் இருக்கும் ஒரு சாண் தூரத்தை அவர் முதுகை வளைத்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார், நாள் முழுக்க. 1.50 பவரில் ஒன்று செய்து கொடுத்தேன். சந்தைக் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம், ரேஷன் கார்டுக்கு அது இருக்கட்டும் என்றேன்.

சந்தைக் கண்ணாடியை நான் திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அது கண்ணைக் கெடுக்காது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கிறவருக்கு, கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் உருவம் கலைந்து தெரியும் சிதறல் பார்வை இல்லாதவருக்கு, அவசரத்துக்கு உதவும். ஆனால் அதை வாங்கும்போது கண்ணுக்குள் யாரும் பார்ப்பதில்லை. அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

நாற்பதைத் தாண்டினால் எழுத்து மங்குவதை நம் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம். பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் சாளீசு என்பார்கள். ஏதோ ஈஸ்வரன் பெயர் போல ஒலிக்கிறது, ஆனால் மூலம் நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற இந்துஸ்தானிச் சொல். வயதையே நோயின் பெயராக வைத்துவிட்டார்கள். உண்மையில் இது நோயும் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு விறைத்துப்போகிறது, கிட்டத்தில் பார்க்க வளைந்து கொடுப்பதில்லை, அவ்வளவுதான். கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று சிலர் கையை நீட்டி நீட்டிப் படிப்பார்கள். போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். ஒரு கட்டத்தில் கை போதாமல் போகும்.

வேலைக்கு ஏற்ற கண்ணாடி என்றேன். பூக்கட்டுகிறவருக்குக் கை மடிக்கு மேலே இருக்கிறது, தையல்காரருக்கு ஊசிமுனை இன்னும் கிட்டே. மளிகைக் கடைக்காரருக்குத் தராசும் தெரிய வேண்டும், மேல் தட்டில் இருக்கும் பொட்டலத்தின் பெயரும் தெரிய வேண்டும். மேலே தூரத்துக்கும் கீழே படிப்புக்குமாக இரண்டு பவர் வைத்த பைஃபோகல் பலருக்கு வசதி. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து பஸ் படியைப் பார்த்தால் படி மங்கலாக, கொஞ்சம் மேலே எழும்பினாற்போலத் தெரியும். படி இறங்கும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டுகிற மாதிரி தலையைக் குனிந்து, மேல் பாகத்தின் வழியாகப் பாருங்கள். மாமரத்திலோ புளியமரத்திலோ ஏறுகிறவருக்கு நான் பைஃபோகல் தருவதில்லை, கேட்டாலும் தருவதில்லை.

லாரி ஓட்டுநர்கள் தொப்பூர்க் கணவாயில் இரவில் இறங்கும்போது எதிர் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று மஞ்சள் கண்ணாடி கேட்டு வருகிறார்கள். இருட்டில் கிடைப்பதே கொஞ்ச வெளிச்சம், மஞ்சள் கண்ணாடி அதிலும் ஒரு பங்கைத் தடுத்துவிடும். அப்படி வருகிறவர்களை உட்கார வைத்துச் சோதித்தால் பலருக்குச் சின்ன அளவில் கிட்டப்பார்வையோ சிதறல் பார்வையோ இருக்கிறது. பகலில் தெரியாது, இரவில் கண்ணின் நடுக் கறுப்பான பாவை விரியும்போது பெரிதாகிறது. சரியான பவரும், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் போதும். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள், அதில் படிந்திருக்கும் புகைப் படலமும் கூச்சத்துக்கு ஒரு காரணம்.

செல்போன் வெளிச்சத்துக்கு நீலம் தடுக்கும் லென்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நானும் விற்கிறேன், அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண லென்ஸைவிட இது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. போனைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம், கண் காய்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்த்து நான்கு முறை இமைப்பதற்குக் காசு கிடையாது. அந்தப் பணத்தை நல்ல ஃபிரேமுக்குச் செலவிடுங்கள்.

ஃபிரேம் என்றதும் என் நீண்ட நாள் வருத்தம் ஒன்று. வேட்டி நுனியால், சட்டை ஓரத்தால், சேலைத் தலைப்பால் லென்ஸைத் துடைக்காதீர்கள். கிரானைட் தூசி பறக்கும் ஊரில் இருக்கிறோம். பர்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் கண்ணாடிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உப்புத்தாள் தேய்த்தது போலிருக்கும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டித் தூசியை ஓடவிடுங்கள், ஒரு சொட்டு சோப்பு, பிறகு மெல்லிய பருத்தித் துணி. அவ்வளவுதான்.

இனி, கண்ணாடிக்காரனான என் கையில் தீராத விஷயங்கள். நான் பவரை அளந்து கண்ணாடி தருகிற ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவர் அல்ல.

புளி ஓடு, கரும்புத் தோகை, நெல் உமி, கல் சில்லு. இந்த நான்கும் நம் மாவட்டங்களில் கண்ணுக்கு எதிரிகள். தோகை கண்ணில் கீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், பச்சிலைச் சாறு பிழிவார்கள், நாக்கால் எடுக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பார். மறுநாள் சிவந்தால் மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்று சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறையும், ஆள் நிம்மதியாகத் தூங்குவார். உள்ளே கருவிழிக் கீறலில் பூஞ்சை உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டு நாளில் அது தடையில்லாமல் வளரும். கருவிழியில் அரிசிமணி போல வெள்ளைப் புள்ளி தெரியும்போது என்னிடம் வந்து "புரை விழுந்துவிட்டதா, பாருங்கள்" என்பார்கள். புரை இல்லை, புண். ஆறினாலும் வடு நிற்கும், அதன் வழியே எந்தக் கண்ணாடியாலும் பார்க்க முடியாது. செடி, தழை எது கீறினாலும் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கசக்காதீர்கள். அந்த ஸ்டீராய்டு மருந்தையே மாதக் கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் கண் நீர் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம். பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்களை நான் பார்க்கிறேன்.

கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, பெரும்பாலும் வலிக்காது. பக்கவாட்டுப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நேரே பார்ப்பது கடைசிவரை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. போன பார்வை திரும்பாது. சந்தைக் கண்ணாடி வாங்கும்போது கண்ணுக்குள் யாரும் பார்ப்பதில்லை என்றது இதற்காகத்தான். வீட்டில் யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் இருந்தால், நாற்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தத்தையும் கண் நரம்பையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் நானே தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒருவர் அவசரமாகக் கண்ணாடி கேட்டார், அளந்து கொடுத்தேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்து மேஜைமேல் வைத்தார். "ஒன்றுமே தெரியவில்லை ஐயா." மறுபடி அளந்தால் பவரே மாறியிருந்தது. இடையில் அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் உப்பி வடிகிறது, பவர் கூடவே ஆடுகிறது. அவரிடம் நான் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. லென்ஸ் என் செலவில் மாற்றினேன். இப்போதெல்லாம் சர்க்கரை அளவு நிலைப்பட்டு ஒரு மாதமாவது ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. எழுபது வயதுப் பெரியவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிப்பார். இளமை திரும்பிவிட்டது என்று வீடே கொண்டாடும். அநேகமாக அது கண்புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கண் கிட்டப்பார்வைக்கு மாறுகிறது. கிட்டே தெளியும், தெருமுனையில் வரும் ஆள் மங்குவார். அரசு மருத்துவமனையில் லென்ஸ் வைத்து இலவசமாக அறுவை செய்கிறார்கள். புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு.

குழந்தைகள். அரசுப் பள்ளிகளில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் சோதித்து இலவசக் கண்ணாடி தருகிறார்கள். வாங்கி வருகிறார்கள், பையனாக இருந்தால் மூக்கில் ஏறுகிறது, பெண்ணாக இருந்தால் பீரோவுக்குள் போகிறது. "பெண் பிள்ளை சார், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள்" என்று ஓர் அப்பா என்னிடமே சொன்னார். அந்தப் பெண் ஏழாம் வகுப்பு, கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்து, ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போடாமல் விட்டால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடலாம். பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வருவது கடினம். குழந்தையின் ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால், உடனே அழைத்து வாருங்கள். பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் விளையாடட்டும், கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட அது உதவுகிறது.

நேரம் முடியப்போகிறது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கண் சோதனைக்கு எங்கே போனாலும் பழைய கண்ணாடியை, உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துப் போங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, விடும் சொட்டு மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தையல்காரராக இருந்தால் ஊசியும் நூலும் கொண்டு வாருங்கள். என் கடையில் இருக்கும் ஊசி துருப்பிடித்துவிட்டது. வணக்கம்.