பெட்ரோல் விலையை ஏற்றுவது உலகச் சந்தையா, நம் அரசுகளா?

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அரசுகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அங்கே ஏறினால் இங்கேயும் ஏறத்தானே செய்யும்?" சரி, ஏறும். அங்கே இறங்கினால் இங்கே ஏன் இறங்கவில்லை? அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை, நடுவர் அவர்களே.

2014 ஜூனில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டிய எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 2014 நவம்பர் தொடங்கி அந்த ஜனவரிக்குள் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. மொத்தம் லிட்டருக்கு, பெட்ரோலுக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு.

அடுத்து 2020. ஊரடங்கு நேரம், எண்ணெயைச் சீந்த ஆளில்லை. மே 5 இரவு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள். அந்த ஏற்றத்தால் மறுநாள் பங்க்கில் விலை ஒரு பைசா கூடவில்லை. எப்படி? நமக்குக் குறைந்திருக்க வேண்டிய பணம் அப்படியே வரியாகப் போய்விட்டது. அதில் மாநிலங்களுக்கும் பங்கு கிடையாது. முழுவதும் செஸ், சிறப்புக் கூடுதல் வரி; இவை மத்திய அரசுக்கே போகும். விலை ஏறினால் நாம் கேள்வி கேட்போம். இறங்க வேண்டியது இறங்காவிட்டால் யாருக்குத் தெரிகிறது? "ஜீரோ பார்த்துக்கோங்க" என்று பங்க் ஊழியர் சொல்கிறார், நாமும் கண் கொட்டாமல் பார்க்கிறோம். ஆனால் போட்ட நூறு ரூபாயில் வரி எவ்வளவு என்பதை மீட்டரும் காட்டுவதில்லை, ரசீதும் காட்டுவதில்லை. என் ஆத்திரமெல்லாம் இதன் மேல்தான்.

"பழைய ஆட்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய்ப் பத்திரக் கடன்" என்றார் இன்னொரு நண்பர். விலையை ஏற்றாமல் வைக்க, எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதில் அரசு கொடுத்த கடன் பத்திரங்கள் அவை. கடன் உண்மை, சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். ஆனால் 2020-21 என்ற ஒரே நிதியாண்டில் பெட்ரோல், டீசல் கலால் வரியாக வந்தது சுமார் 3.7 லட்சம் கோடி. மொத்தக் கடனைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்! அந்தக் கடனைச் சொல்லி இந்த வரியை நியாயப்படுத்த முடியுமா?

மாநிலங்களை விட்டுவிட்டுப் பேசவில்லை. அவையும் வாட் என்ற விற்பனை வரியை வசூலிக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தது, விலையும் குறைந்தது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கடைசியாக ஒன்று. 2017 ஜூன் 16 முதல் சந்தையை ஒட்டித் தினமும் விலை மாறும் என்றார்கள். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. அதற்கிடையில் உக்ரைன் போர் தொடங்கி எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10-இல் வந்தன. 22-ஆம் தேதி விலை ஏறத் தொடங்கியது. தினமும் மாற வேண்டிய விலை நாலரை மாதம் நின்றது யார் சொல்லி? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.