வெப்பக் கணக்கே முதல் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியவர்களுக்குத் தெரியும்: ஒரு சிறு கல்லைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் கிண்ணம் சுடும், அவ்வளவுதான். மூட்டையைத் தொட்டியில் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். வேதிவினை ஒன்றேதான். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்குங்கள். உள்ளே பிறக்கும் வெப்பம் ஆயிரம் மடங்காகும், அது வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான்.

வினைகலன், அதாவது வேதிவினை நடக்கும் கலன், வடிவமைக்க வரும் இளம் பொறியாளர்கள் கலனின் கொள்ளளவைத்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். வெப்பத்தை முதலில் கணக்கிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கந்தக அமில ஆலையைப் பாருங்கள். இதைப் பற்றி நாள் முழுவதும் பேசுவேன். கந்தகத்தை எரித்து வரும் சல்பர் டைஆக்சைடை வனேடியம் வினையூக்கிப் படுகை, அதாவது வினையை விரைவாக்கும் பொருள் நிரப்பிய அடுக்கு, வழியே ஓடவிட்டு சல்பர் டிரைஆக்சைடாக்க வேண்டும்; அதிலிருந்துதான் கந்தக அமிலம் கிடைக்கிறது. வாயு ஏறத்தாழ 420 டிகிரி செல்சியசில் நுழைந்தால்தான் வினை நன்றாகப் பிடிக்கும். பிடித்துவிட்டால் தன் வெப்பத்திலேயே 600 டிகிரியை நெருங்கிவிடும். அங்கேதான் சிக்கல். சூடு ஏறினால் வினையின் வேகம் கூடும்; ஆனால் எவ்வளவு வாயு மாற முடியும் என்ற உச்சவரம்பு இறங்கிவிடும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் வினை நின்றுபோகும். அந்தப் படுகையை இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை. மீண்டும் சொல்கிறேன், பயனே இல்லை! வாயுவை வெளியே எடுத்து, சூட்டைத் தணித்து, அடுத்த படுகைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் இப்படி நான்கு படுகைகள் இருக்கும்.

எடுத்த வெப்பம் வீணாவதில்லை. கடைசிப் படுகைக்கு முன், அதுவரை உண்டான டிரைஆக்சைடை அமிலத்தில் உறிஞ்சிக்கொண்டபின், மீதி வாயு குளிர்ந்து திரும்பி வருகிறது. வெப்பப் பரிமாற்றியில் குழாய்ச் சுவருக்கு ஒருபுறம் சூடான வாயு, மறுபுறம் இந்தக் குளிர்ந்த வாயு. எரிபொருள் ஒரு சொட்டும் எரிக்காமல் அது கடைசிப் படுகைக்குத் தேவையான சூட்டை அடைந்துவிடுகிறது. இதனால் 99.5 சதவீதத்துக்கு மேல் மாறுகிறது. புகைபோக்கி வழியே ஊருக்குள் போகும் நச்சும் அந்த அளவுக்குக் குறைகிறது.

நேரம் நெருங்கிவிட்டது, குழாய் வினைகலன்களைப் பற்றி இரண்டே சொல். பிளாஸ்டிக், பெயின்ட் தொழில்களுக்கான மூலப்பொருளான தாலிக் அன்ஹைட்ரைடு ஆலையில், வினை நடக்கும் சுமார் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆயிரக்கணக்கான குழாய்களைச் சுற்றி உருகிய உப்பு ஓடி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உச்சச் சூடு குழாயின் கடைசியில் இராது, நுழைவாயிலை அடுத்தே இருக்கும். வெப்பமானிகளை அங்கே நெருக்கமாக வையுங்கள். நன்றி, வணக்கம்.