அண்ணன் கட்டிய வீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். கார்ப்பென்டர்ஸ் என்றால் ரிச்சர்ட், கேரன் என்ற அண்ணன் தங்கை சேர்ந்த அமெரிக்கப் பாப் இசை ஜோடி. "கார்ப்பென்டர்ஸ் பாடல்கள் ஐம்பது ஆண்டு கடந்தும் நெஞ்சில் நிற்கக் காரணம் கேரனின் குரலா, ரிச்சர்டின் இசையமைப்பா?" எனக்கு முன்னால் குரலுக்காகப் பேசிய அம்மா, 1983 பிப்ரவரி 4 அன்று, 32 வயதில், உணவை வெறுக்கும் நோயில் உடல் உருகி, இதயம் நின்று கேரன் போன கதையைச் சொன்னார். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். அந்தக் குரலைக் குறைத்து என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அந்தக் குரல் குடியிருக்க ஒரு வீடு கட்டிக் கொடுத்தானே அண்ணன், அவனுக்காகத்தான் வாதாட வந்திருக்கிறேன்.

ஐயா, எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர். வலது பக்கத்து ஸ்பீக்கர் வாங்கிய மறு வருடமே ஊமையாகிவிட்டது. அக்கா கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்த கார்ப்பென்டர்ஸ் கேசட்டை அந்த இடது பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றிலேயே ஆறேழு வருடம் கேட்டோம். எனக்கு ஒவ்வொரு பாட்டும் மூச்சு விடும் இடம் வரை மனப்பாடம். பிறகு வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் ஒரு ஹெட்போன் வாங்கி, அதே பாட்டை இரண்டு காதிலும் கேட்டேன். கேரனின் குரல் நடுவில் பதிந்தது, அது ஒற்றை ஸ்பீக்கரிலும் முழுதாகக் கேட்டுவிட்டது. ஆனால் அந்தக் குரலுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசையும் அந்தப் பக்கம் ஒரு வரிசையுமாகக் கோரஸ் எழும்பி நின்றதே, அதில் பாதி எனக்கு அன்றுதான் புதிது. தெருவில் பாதியைப் பார்த்துவிட்டு ஊரையே பார்த்ததாக நினைத்திருக்கிறேன். அன்று இரவு தூங்கவில்லை. இந்த மேடையில் இந்தப் பக்கம் நிற்கக் காரணம் அந்த இரவுதான்.

எதிரணியில் கேட்டார்கள்: "'குளோஸ் டு யூ' பாட்டை வேறு யாராவது பாடியிருந்தால் கேட்டிருப்போமா?" வேறு ஆட்கள் பாடினார்கள் அம்மா! 1963-இல் நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லின் பாடினார். அதன் பிறகு டியான் வார்விக் பாடினார். பர்ட் பேக்கரக் போட்ட மெட்டு, ஹால் டேவிட் எழுதிய வரி. உலகம் அதைத் தலைமேல் தூக்கி வைக்கவில்லை. "பார்த்தீர்களா, கேரன் குரல் வந்ததால்தான் பாட்டு ஓடியது" என்று உடனே சொல்வீர்கள். டியான் வார்விக்குக் குரல் இல்லையா? பேக்கரக்கின் மெட்டுகளுக்கென்றே பிறந்தது போன்ற குரலாயிற்றே அது!

நடந்தது இதுதான். ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஹெர்ப் ஆல்பர்ட் 1969-இல் இந்த அண்ணன் தங்கையை ஒப்பந்தம் செய்தார். முதல் ஆல்பம் பெரிதாகப் போகவில்லை. அடுத்ததற்கு ரிச்சர்டின் கையில் இந்தப் பாட்டின் தாளைக் கொடுத்தார். மெட்டு இருக்கிறது, வரி இருக்கிறது. வேகம், தாளம், எந்த வாத்தியம் எங்கே நுழைவது, எங்கே எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்பது, அத்தனையும் 23 வயதுப் பையனின் தலையில். பாதிக் கண் மூடி நடப்பது போல ஒரு மெதுவான ஷஃபிள் தாளம் போட்டான். முதல் பதிவு ஆல்பர்ட்டுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி பதிந்தார்கள். நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறையும் அதே கேரன்தான், அதே தொண்டைதான். மாறியது சுற்றியிருந்த வாசிப்பு. கடைசியில் டிரம்ஸில் ஹால் பிளெய்ன் உட்கார்ந்தார், பியானோவில் ரிச்சர்ட். 1970 ஜூலையில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம், நான்கு வாரம் இறங்கவில்லை.

அந்தப் பாட்டின் முடிவைக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாம் முடிந்தது போல ஒரு சின்ன அமைதி. ஊசியை எடுக்கக் கை போகும். அப்போது "வா..." என்று ஒரு கூட்டமே எழுந்து பாடும். கூட்டம் என்றா சொன்னேன்? அங்கே இருப்பது இரண்டே பேர். நான்கு சுரம் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் கார்டு (chord). அண்ணனும் தங்கையும் சுரங்களைப் பங்கிட்டுப் பாடிப் பதிகிறார்கள். அதன் மேலேயே இன்னொரு முறை, பிறகு மூன்றாம் முறை. நான்கு மூன்று பன்னிரண்டு. ஒரே ரத்தத்தில் வந்த இரண்டு தொண்டை, பன்னிரண்டு குரலாய் நிற்கிறது. உயிரெழுத்தை ஒரே மாதிரி உருட்டுவார்கள், ஒரே இடத்தில் நிறுத்துவார்கள், அதனால் ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. இந்த வித்தையை ரிச்சர்ட் சிறுவயதில், அப்பாவின் இசைத்தட்டுகளில் லெஸ் பால், மேரி ஃபோர்டு என்ற கணவன் மனைவி ஜோடி செய்ததைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டான். பிறகு ஜோ ஆஸ்போர்ன் என்ற பேஸ் கிதார் கலைஞரின் கராஜ் ஸ்டுடியோவில் இரவு இரவாக உட்கார்ந்து கற்றார்கள். கேரனுக்கு அப்போது பதினாறு வயது.

இந்த இடத்தில் கேரனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவளுக்கு முதல் காதல் பாட்டின் மேல் இல்லை, டிரம்ஸின் மேல்தான். 1963-இல் குடும்பம் நியூ ஹேவனை விட்டுக் கலிபோர்னியாவின் டவ்னிக்கு வந்தது, மூத்தவன் இசையில் முன்னேற வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பள்ளி பேண்டில் சேர்ந்த கேரன், டிரம்ஸ் வாங்கித் தருவதற்கு முன்பு, வீட்டிலிருந்த ஸ்டூல்களை அடுக்கி வைத்துச் சாப்ஸ்டிக்கால் தட்டிப் பழகினாள். 1966-இல் ஹாலிவுட் பவுல் போட்டியில் ரிச்சர்ட் கார்ப்பென்டர் ட்ரியோ ஜெயித்தபோது டிரம்ஸ் வாசித்தவள் அவள்தான். அவளை மேடைக்கு முன்னே நிற்க வைத்து டிரம்ஸைப் பறித்தது எனக்கு இன்றும் வருத்தம். எங்கள் அணி வாதத்துக்கு இது உதவாது என்று தெரிந்தும் சொல்கிறேன், மனசில் இருப்பதை மறைத்து என்ன செய்வது?

அடுத்து வங்கி விளம்பரக் கதை. தொலைக்காட்சியில் க்ராக்கர் வங்கியின் விளம்பரம் ஓடுகிறது. கல்யாணம் முடித்துக் காரில் கிளம்பும் இளம் ஜோடி, பின்னால் ஒரு பாட்டு. லட்சம் பேர் பார்த்தார்கள், தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள். ரிச்சர்ட் எழவில்லை. பாடுவது பால் வில்லியம்ஸ் என்று குரலை வைத்தே கண்டுபிடித்தான். வில்லியம்ஸும் ரோஜர் நிக்கல்ஸும் அதே ஏ அண்ட் எம்மில் பாட்டெழுதுபவர்கள். வில்லியம்ஸிடமே போய்க் கேட்டான், "இதற்கு மிச்சப் பாட்டு இருக்கிறதா?" இருந்தது. 'வீ'வ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' 1970-இல் இரண்டாமிடம் வரை ஏறியது, அமெரிக்கக் கல்யாண வீடுகளில் சடங்குப் பாட்டு மாதிரியே ஆகிவிட்டது. அந்தக் குரலுக்கு அந்தப் பாட்டைத் தேடிக் கொண்டுவந்தது எந்தக் காது?

'சூப்பர்ஸ்டார்' பாட்டைச் சொல்லித்தான் எதிரணியில் கைதட்டல் வாங்கினார்கள். ஒரு பேப்பர் நாப்கினில் கிறுக்கிய வரிகளைப் பார்த்து, ஒத்திகைக்காக ஒரே மூச்சில் கேரன் பாடியதுதான் இசைத்தட்டில் இருக்கிறது என்றார்கள். உண்மை. தலை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பாட்டை முதலில் கேரனுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? டிவியில் பாடகி பெட் மிட்லர் பாடக் கேட்டு, "இது நம் பாட்டு" என்று பிடித்துக்கொண்டவன் அண்ணன். வானொலியில் ஒலிபரப்பத் தயங்குவார்களே என்று ஒரு சொல்லை மாற்றியவனும் அவன். தொடக்கத்தில் ஓபோ என்ற ஊதுகுழல் வருகிறதே, ஆளில்லாத வீட்டில் எங்கோ ஒரு கதவு திறப்பது போல, அந்த வாசல் வழியாக நுழைவதால்தான் அவள் பாடும் முதல் சொல்லே தனிமையாகக் கேட்கிறது.

அதைவிட முக்கியமானது சுருதி. கல்லூரியில் ஃப்ராங்க் பூலர் நடத்திய கோரஸில் பாடியவள் கேரன். மேலே எட்டிப் பாட அவளால் முடியும். மேல் ஸ்தாயியில் கூவிக் கைதட்டல் வாங்குவது எளிது. ரிச்சர்ட் பாட்டைக் கீழே இறக்கினான். காதருகே குனிந்து பேசுவது போலக் கேட்கும் அந்தக் கீழ் ஸ்தாயிதான் கேரனின் பொக்கிஷம் என்று தெரிந்து, பாட்டுக்குப் பாட்டு அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினான். கேரனின் குரல் என்று நாம் உருகுவது எந்த இடத்தில்? அண்ணன் சுருதி பிடித்துக் கொடுத்த அதே இடத்தில்தான்.

இனி 'குட்பை டு லவ்'. 1972. மெட்டு ரிச்சர்ட், வரி ஜான் பெட்டிஸ். காதலே வேண்டாம் என்று ஒரு பெண் அமைதியாகச் சொல்லும் பாட்டு. வேறு யாராக இருந்தாலும் அங்கே வயலினைக் கொட்டியிருப்பார்கள். ரிச்சர்ட் கேட்டது ராக் கிதார்; டோனி பெலூசோ என்ற கிதார் கலைஞரைக் கேரன் போன் போட்டு அழைத்தாள். அவர் முதலில் பாட்டுக்கு அடங்கி மென்மையாக வாசித்தார். "இப்படி வேண்டாம். சில தாளக்கட்டு வரை மெட்டை வாசியுங்கள், அதற்கு மேல் கொளுத்திவிடுங்கள்" என்கிற மாதிரி ரிச்சர்ட் சொன்னான். கிதார் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடலை மிதித்து அவர் கொளுத்தினார். அந்தப் பெண் சொல்லாமல் விழுங்கிய ஆத்திரம் முழுவதும் அந்தக் கிதாரில் வந்து வெடித்தது. இனிமையைத் தேடி வந்த ரசிகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். பிறகு பல ஆண்டுகள் ராக் குழுக்கள் மெல்லப் பாட்டின் நடுவே கிதாரை அலறவிட்டதற்கு அந்தப் பாட்டைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். தங்கையின் குரல் போக முடியாத இடத்துக்கு அண்ணன் ஒரு கிதாரை அனுப்பினான் ஐயா! கேரன் கத்தியிருந்தால் அது கேரன் இல்லை.

நம் ஊரில் ஒரு பாட்டைச் சொன்னால் முதலில் என்ன கேட்போம்? "யார் மியூசிக்?" பாடியவர் பெயர் அடுத்தது. நமக்கு இந்த உண்மை புதிதில்லை, கடல் கடந்த பாட்டுக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒன்று. 1979-இல் ரிச்சர்ட் தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனான். அந்த இடைவெளியில் கேரன் நியூயார்க்கில் ஃபில் ரமோன் தயாரிப்பில் தனி ஆல்பம் பதிந்தாள். அதே குரல், தேர்ந்த கலைஞர்கள், நல்ல ஸ்டுடியோ. 1980-இல் முடித்துக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். நிறுவனத்துக்கும் திருப்தியில்லை, அண்ணனுக்கும் திருப்தியில்லை, வெளியிடாமல் வைத்துவிட்டார்கள். அவள் உயிரோடிருக்கும்போதே அதை வெளியிட்டிருக்க வேண்டும். இதில் ரிச்சர்டுக்காக நான் வாதாட மாட்டேன், அது அவளுடைய உழைப்பு. 1996-இல்தான் வெளிவந்தது. வாங்கிக் கேட்டேன். நல்ல பாட்டுகள் உண்டு. கேரன் அழகாகத்தான் பாடுகிறாள். ஆனால் பழைய கேசட்டை எடுத்துப் போடும் கை, அதை எடுக்கத் தேடுவதில்லை. என் கை மட்டுமா? எதிரணித் தலைவி இருபது நிமிடம் பேசினார், எட்டுப் பாட்டு சொன்னார். அந்த ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. எட்டும் ரிச்சர்ட் அமைத்தவை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள்.

2018-இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு உட்கார்ந்திருந்தது. நடத்தியவர் 71 வயது ரிச்சர்ட் கார்ப்பென்டர். பழைய பதிவுகளிலிருந்து கேரனின் குரலை எடுத்து வைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தந்தி வாத்தியங்களுக்குப் புதிதாக இசை எழுதியிருந்தார். தங்கை போய் முப்பத்தைந்து வருடம். அவள் குரலுக்கு வயது ஏறவே இல்லை, இருபதுகளிலேயே நிற்கிறது. கிழவர் கோலை உயர்த்துகிறார். அவள் மூச்சு எடுக்கும் இடம் அவருக்குத் தெரியும். அங்கே வயலின்களைச் சற்று நிறுத்துகிறார், அவள் மூச்சு எடுத்துக்கொள்கிறாள், மறுபடி எல்லோரும் சேர்ந்து தொடங்குகிறார்கள்.

நன்றி, வணக்கம்.