அரிசி டிரம்முக்குள் முருகன்

(தலைப்பு: "நவீன சமுதாயத்தில் மதத்தை ஒருநாள் சட்டம் போட்டுத் தடை செய்ய முடியுமா?" 'முடியாது' அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, சட்டத்தை ஏற்கனவே நிறைவேற்றி அரசிதழிலும் போட்டுவிட்டது போலச் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, பனி விழ ஆரம்பித்த பிறகும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் பெரிய பக்தை கிடையாது. கோயிலுக்குப் போனால் சிற்பம் பார்ப்பேன், புளியோதரை வாங்குவேன், வந்துவிடுவேன். எதிரணித் தலைவர் மதத்தின் பேரால் நடந்த அக்கிரமங்களை வரிசையாகச் சொன்னாரே, அதில் பாதிக்கு நானும் கை தட்டினேன், பார்த்திருப்பீர்கள். ஆனால் மதம் நல்லதா கெட்டதா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. தடை செய்ய முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கொசு கெட்டதுதான். அதற்காக "கொசு தடைச் சட்டம்" போட்டால் கடிக்காமல் இருக்குமா ஐயா?

எங்கள் வீட்டில் ஒரு தடைச் சட்டம் இருந்தது. அப்பா கருப்புச் சட்டைக்காரர். கல்யாணம் ஆன கையோடு "இந்த வீட்டுக்குள் சாமி படம் கூடாது" என்று சொல்லிவிட்டார். மூன்று அறை உள்ள நாடு. ஒரே ஒரு குடிமகள், என் அம்மா. போலீஸ், நீதிபதி, ஜெயிலர் எல்லாம் அப்பாவே. அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பழனி முருகன் படத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டார். தினமும் உலைக்கு அரிசி எடுக்கும்போது குனிந்து ஒரு கும்பிடு. அம்மா ஏன் குளிக்காமல் அந்த டிரம்மைத் தொடுவதே இல்லை என்று எனக்குப் பத்து வயதில்தான் புரிந்தது. இருபத்தாறு வருஷம் அந்தச் சட்டம் அமலில் இருந்தது, முருகனும் உள்ளே இருந்தார். அப்பாவுக்குத் தெரியாதா என்கிறீர்களா? மாதா மாதம் மூட்டையைப் பிரித்து டிரம்மில் அரிசி கொட்டியதே அவர்தான்!

"அது வீட்டுக் கதை அக்கா, நாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று எதிரணித் தம்பி கேட்பார். சரி, நாட்டுக்கே போவோம். நமக்கு யூகம் எதுவும் வேண்டாம், ஏனென்றால் ஒரு நாடு இதைச் செய்தே பார்த்துவிட்டது. அல்பேனியா. கிரேக்கத்துக்கு வடக்கே இருக்கும் சின்ன நாடு. அன்றைக்கு மக்கள் தொகை ஏறக்குறைய 20 லட்சம்தான். அதை ஆண்டவர் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோக்ஷா. 1967-இல் நாட்டில் இருந்த 2,169 வழிபாட்டு இடங்களையும் மூடினார்கள். பள்ளிவாசல், தேவாலயம், சூஃபி மடம், எதற்கும் சலுகை இல்லை. சில இடிந்தன, சில கிடங்குகள் ஆயின. ஷ்கோடர் நகரத்துப் பெரிய கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. பீடம் இருந்த இடத்தில் வாலிபால்!

அதோடு விட்டார்களா? 1976-இல் அரசியல் சாசனத்திலேயே எழுதினார்கள். 37-ஆவது பிரிவு, "அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது" என்றது. 55-ஆவது பிரிவு, மத அமைப்புகளைத் தொடங்குவதையே தடை செய்தது. அடுத்த ஆண்டு தண்டனைச் சட்டம் வந்தது. மதப் பிரசாரம் செய்தாலும், மத நூலை வீட்டில் வைத்திருந்தாலும் 3 முதல் 10 ஆண்டு சிறை. பிள்ளைகளுக்கு மதப் பெயர் வைக்கக்கூடாது என்று வேறு உத்தரவு. எதிரணி கனவு காணும் சட்டம் இதைவிட இறுக்கமாக இருக்குமா? எனக்குத் தெரிந்து இதற்கு மேல் இறுக்க மரையே கிடையாது.

இனி, அந்தச் சட்டத்தை எப்படி அமல்படுத்தினார்கள் என்று கேளுங்கள். கட்டடத்தைப் பூட்டுவது சுலபம். உள்ளே கும்பிட்டவன் வீட்டுக்குப் போய்விட்டானே, அவனை எப்படிப் பிடிப்பது? நோன்பு மாதத்திலும் தவக்காலத்திலும் பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் சாப்பாடு கொடுத்தார்கள். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். யார் கை வைக்கவில்லை என்று பார்க்கத்தான். சாப்பிடாத பிள்ளையின் வீட்டுக்கு விசாரணை போகும். ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் பூசுவது அவர்கள் வழக்கம். பூசியவர்கள் முட்டை ஓட்டை எங்கே ஒளிப்பது என்று தவித்தார்கள். குப்பையில் கிடக்கும் சிவப்பு ஓடு சாட்சி சொல்லிவிடுமே! யோசித்துப் பாருங்கள், ஒரு அரசாங்கம் முட்டை ஓட்டைக் கண்டு பயந்திருக்கிறது.

ஷ்டியேஃபன் குர்த்தி என்று ஒரு வயதான பாதிரியார். ஒரு குழந்தைக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதற்காகச் சுட்டுக் கொன்றார்கள். கொல்கத்தாவில் இருந்தாரே நம் அன்னை தெரசா, அவர் அல்பேனியக் குடும்பத்துப் பெண். அம்மாவும் அக்காவும் தலைநகர் திரானாவில். இவரால் உள்ளே போக முடியவில்லை, அவர்களால் வெளியே வர முடியவில்லை. 1972-இல் அம்மா இறந்தபோதும் முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உலகத்தில் யார் யாருடைய சாவுக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஐயா அவர்.

இவ்வளவு செய்தும் என்ன ஆனது? ஹோக்ஷா 1985-இல் போய்விட்டார். 1990 நவம்பரில், சட்டம் இன்னும் முழுசாகச் சாகாத நேரத்தில், ஷ்கோடர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாதிரியார் வெளிப்படையாகப் பூசை வைத்தார். கூட்டம் அலை மோதியது. அதே மாதம் அதே ஊரில் பள்ளிவாசலில் தொழுகை நடந்தது. கிறிஸ்தவர் பூசைக்கு முஸ்லிம்களும், முஸ்லிம்கள் தொழுகைக்குக் கிறிஸ்தவர்களும் வந்து நின்றார்கள். 23 வருஷத் தடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஏதோ ஒரு அரிசி டிரம்தான்.

2011 கணக்கெடுப்பில் தன்னை நாத்திகர் என்று பதிந்துகொண்ட அல்பேனியர் நூற்றுக்கு இரண்டரை பேர். உலகத்தின் முதல் நாத்திக நாடு என்று பெருமை பேசிய ஊரில்! அங்கே எல்லோரும் ஐந்து வேளை தொழுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மதத்தை ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிற ஜனங்கள்தான் அவர்கள். ஆனால் திரானாவில் இன்றைக்கு விமானம் இறங்கினால் நீங்கள் கால் வைக்கிற விமான நிலையத்தின் பெயர் அன்னை தெரசா.

இன்னொரு வேடிக்கை. பெக்தாஷி என்று ஒரு சூஃபிப் பிரிவு. 1925-இல் துருக்கி தன் நாட்டு சூஃபி மடங்களையெல்லாம் சட்டம் போட்டு மூடியது. அவர்கள் தலைமையகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள்? அல்பேனியாவுக்கு! அங்கேயும் 1967-இல் கதவைச் சாத்தினார்கள். இரண்டு நாடுகள், இரண்டு தடைகள். 2024-இல் அல்பேனியப் பிரதமரே, திரானாவுக்குள் அவர்களுக்கென்று வத்திக்கான் மாதிரி ஒரு குட்டி நாடு தரப்போவதாக அறிவித்தார். தடை போட்டால் கடைசியில் நாடே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது!

எதிரணித் தலைவர் சோவியத் யூனியனைப் புகழ்ந்தார். மாஸ்கோவில் 1931-இல் பெரிய தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள், அந்த இடத்தில் பிறகு நீச்சல் குளம் வந்தது, இப்போது மறுபடியும் அதே தேவாலயம் நிற்கிறது. அதைக்கூட விடுங்கள். 1937 ஜனவரியில் ஸ்டாலின் காலத்து மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் "நீ கடவுளை நம்புகிறாயா?" என்று கேட்டார்கள். கேட்டது யார்? கோயிலை இடித்த அரசாங்கம். எழுதிக்கொண்டவர் அரசு ஊழியர். பெயர், முகவரி எல்லாம் அவர் கையில். பொய் சொல்லிவிடலாம், சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படியும் 16 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய ஐந்தரைக் கோடிப் பேர், "ஆமாம், நம்புகிறேன்" என்றார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? கணக்கையே ஒளித்து வைத்தது. கணக்கெடுத்த அதிகாரிகள் சிலரைக் கைது செய்தது. 1939-இல் மறுபடி கணக்கெடுத்தபோது அந்தக் கேள்வியே இல்லை. கடவுளை ஒழிக்க முடியவில்லை, கேள்வியை ஒழித்துவிட்டார்கள்!

"அன்றைக்கு கேமரா இல்லை, இன்றைக்கு செல்போனே வேவு பார்க்கும், அதனால்தான் 'நவீன' என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள்" என்றார் தம்பி. நல்ல கேள்விதான், இந்த மேடையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி. உலகத்திலேயே தெருவுக்குத் தெரு கேமரா வைத்திருக்கும் நாடு எது? சீனா. ஆளும் கட்சியில் சேர்ந்தவர் மதம் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட சீனா மதத்தைத் தடை செய்திருக்கிறதா? ஐந்து மதங்களுக்கு அங்கீகாரம் கொடுத்து, கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியில் நடக்கும் கொடுமை தனிக் கதை. ஆனால் ஒழிக்கப் போனதா? மாவோ நடத்திய கலாசாரப் புரட்சியில் பத்து வருஷம் போய்ப் பார்த்தது. பிறகு 1982-இல் கட்சியே ஒரு ஆவணம் வெளியிட்டது. உத்தரவு போட்டு, பலவந்தம் செய்து மதத்தை ஒரே அடியில் ஒழித்துவிடலாம் என்று நினைப்பது தவறு என்று அவர்களே எழுதினார்கள். நான் சொன்னால் நம்ப வேண்டாம் ஐயா, செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

"உடன்கட்டையைச் சட்டம் ஒழித்தது, தேவதாசி முறையைச் சட்டம் ஒழித்தது, தீண்டாமையைச் சட்டம் குற்றமாக்கியது, அப்படியே மதத்தையும்..." என்று ஒரு ஏணி போட்டார்கள். அந்த ஏணியின் முதல் மூன்று படியிலும் நான் உங்களோடு ஏறுகிறேன். 1829-இலும், 1947-இலும், அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவிலும் சட்டம் பிடித்தது ஒரு செயலை. ஒரு பெண்ணை நெருப்பில் தள்ளினால் கண்ணுக்குத் தெரியும், சாட்சி உண்டு, கையைப் பிடிக்கலாம். நான்காவது படி செயல் இல்லையே! மனசுக்குள் "முருகா" என்பவளுக்கு எந்த இன்ஸ்பெக்டர் எஃப்.ஐ.ஆர். போடுவார்?

சட்டத்தில் எதை மதம் என்று எழுதுவீர்கள், அதையாவது சொல்லுங்கள். வாசலில் கோலம் போட்டால் குற்றமா? ஆயுத பூஜையன்று ஆட்டோவுக்குச் சந்தனம் வைத்தால்? நம் எதிரணித் தலைவர் இந்த மேடைக்கு ஏறும்போது முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே, நான் பார்த்தேன். அது எந்தப் பிரிவில் வரும்? ஜாமீன் உண்டா?

நம் ஊரிலும் ஒரு 1967 இருந்தது. அல்பேனியா கோயில்களைப் பூட்டிய அதே ஆண்டில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற சட்டம் இங்கே சட்டசபையில் நிறைவேறியது. அந்தச் சட்டம் புரோகிதரை வைத்துச் செய்யும் கல்யாணத்தைத் தடை செய்ததா? இல்லை. புரோகிதர் இல்லாமலும் கல்யாணம் செல்லும் என்றது, அவ்வளவுதான். பெரியார் பிள்ளையாரை நடுத்தெருவில் உடைத்தார். ஆனால் ஊர் ஊராகப் போய் மணிக்கணக்கில் பேசினாரே, எதற்கு? சட்டத்தால் முடியும் என்றால் அந்தத் தள்ளாத வயதில் மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு அவர் ஏன் அலைய வேண்டும்? என் அப்பாவுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருந்தால் எங்கள் வீட்டு அரிசி கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கிழக்கு ஜெர்மனியில் மதம் காணாமல் போனதே?" என்றார்கள். போனது, ஒப்புக்கொள்கிறேன், திரும்பி வரவும் இல்லை. ஆனால் அங்கே தடைச் சட்டம் கிடையாது. சர்ச்சுக்குப் போகிற பிள்ளைக்குப் படிப்பில், வேலையில் முட்டுக்கட்டை போட்டார்கள். சர்ச்சில் நடக்கும் சடங்குக்குப் போட்டியாக அரசே இளைஞர் விழா ஒன்றை நடத்தியது. இங்கிலாந்தில் இன்னும் 26 பிஷப்புகள் நாடாளுமன்ற மேலவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள். எந்த போலீஸும் வரவில்லை. தானாகத் தேயலாம், தேயாமலும் இருக்கலாம், அது வேறு பட்டிமன்றம். அதற்கும் என்னைக் கூப்பிடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிஷம் ஐயா, கடைசிக் கதை.

ஜப்பான். 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை. பாதிரியார்களைக் கொன்றார்கள், விரட்டினார்கள். நாகசாகியில் ஜனங்களை வரிசையில் நிறுத்தி ஏசு, மரியாள் உருவம் பொறித்த பலகையை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தார்கள். வீட்டுக்குப் போய் அழுதார்கள். புத்த மதத்துக் கருணைத் தெய்வமான கன்னோன் சிலையை வாங்கி வைத்து மரியாளாக, அவர்கள் வாயில் 'சாந்தா மரியா'வாக, நினைத்துக் கும்பிட்டார்கள். ஏழு தலைமுறை, பாதிரியாரே இல்லாமல். 1865-இல் வெளிநாட்டுக்காரர்களுக்காக அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். மார்ச் 17-ஆம் தேதி, பக்கத்துக் கிராமத்து ஏழை ஜனங்கள் கொஞ்சம் பேர் வேடிக்கை பார்ப்பது போல வந்தார்கள். தடை அப்போதும் அமலில்தான் இருக்கிறது. ஒரு பெண் மெல்ல அந்த பிரெஞ்சுப் பாதிரியார் பக்கத்தில் வந்து, "எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான்" என்று காதோடு சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் தணிந்த குரலில் கேட்டார்:

"சாந்தா மரியா சிலை எங்கே இருக்கிறது?"

நன்றி, வணக்கம்.