எச்ஆர் மென்பொருளா, பணித்திறன் மென்பொருளா: எதை முதலில் வாங்குவது?

(திரையில்: இரண்டு பட்டியல்கள். இடப்பக்கம் பணியாளர் விவரம், வருகைப்பதிவு, விடுப்பு, சம்பளம். வலப்பக்கம் இலக்குகள், பின்னூட்டம், அப்ரைசல், ரேட்டிங்.)

மனிதவளத் துறைக்கு ஒரு மென்பொருள் வாங்குவது என்று நிறுவனம் முடிவெடுத்தவுடன், விற்பனையாளர்களின் வசதிப் பட்டியல்கள் வந்து குவியத் தொடங்கும். அவற்றை அருகருகே வைத்துப் படித்தால் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும். சம்பளக் கணக்குக்காக உருவான மென்பொருளில் அப்ரைசலுக்கு, அதாவது பணி மதிப்பீட்டுக்கு, ஒரு பகுதி இருக்கும். அப்ரைசலுக்காக உருவானதில் பணியாளர் விவரங்களுக்கு ஒரு பகுதி இருக்கும். எந்தப் பட்டியல் நீளமானது என்று பார்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தேவையில்லாத ஒன்றுக்கே பணம் கட்டுகிறார்கள் என்பது என் கருத்து. ஆகவே, இந்த வீடியோவில் வசதிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, எச்ஆர் செயல்பாட்டு மென்பொருள், பணித்திறன் மென்பொருள் ஆகிய இரண்டும் எத்தகைய தகவலைக் கையாளுகின்றன என்ற இடத்திலிருந்து தொடங்குவோம்.

(திரையில்: "விடை ஒன்றுதான்" என்ற சொற்கள்.)

எச்ஆர் செயல்பாட்டு மென்பொருள் கையாள்பவை உண்மைகள். ஒருவர் எந்தத் தேதியில் பணியில் சேர்ந்தார், அவருக்கு எத்தனை நாள் விடுப்பு மீதமிருக்கிறது, இந்த மாதச் சம்பளத்தில் என்ன பிடித்தம், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் சரியான விடை ஒன்றே இருக்கிறது. யார் கேட்டாலும் அது மாறக் கூடாது. மாறினால் அது பிழை. விதிகளாக எழுதிவிடக்கூடிய வேலை என்பதால்தான், வணிகத்தில் கணினி மிக முன்னதாகவே நுழைந்த இடங்களில் சம்பளக் கணக்கும் ஒன்றாக இருந்தது. பிரிட்டனில் லயன்ஸ் என்ற உணவு நிறுவனம் தானே உருவாக்கிய லியோ கணினியைக் கொண்டு 1950களின் நடுப்பகுதியிலேயே தன் ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிட்டது.

இந்த வகை மென்பொருளில் வரும் பிழை உடனே தெரியும், உடனே வலிக்கும். கனடா அரசு தன் ஊழியர்களின் சம்பளத்துக்காக 2016இல் ஃபீனிக்ஸ் என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தபோது, பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவாகவோ கூடுதலாகவோ வந்தது. சிலருக்கு வரவே இல்லை. அந்தச் சிக்கல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சம்பள அமைப்பை மாற்றுவது எத்தனை கவனம் கேட்கும் வேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

(திரையில்: ஒரே பணியாளரைப் பற்றி மூன்று மேலாளர்கள் தந்த மூன்று வெவ்வேறு ரேட்டிங்குகள்.)

பணித்திறன் மேலாண்மை மென்பொருள் கையாள்பவை கருத்துகள். ஒருவர் இந்த ஆண்டு எப்படி வேலை செய்தார், எதில் அவர் வளர வேண்டும், அடுத்த காலாண்டில் எதை முன்னிறுத்த வேண்டும் என்ற கேள்விகளுக்கு ஒரே சரியான விடை என்று எதுவும் கிடையாது. பார்க்கும் கண்ணுக்கு ஏற்ப விடை மாறும். இது எந்த அளவுக்கு மாறும் என்பதை அளக்க முயன்ற ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த ஆய்வில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களைப் பற்றி அவர்களுடைய மேலதிகாரிகளும் சக பணியாளர்களும் கீழே பணிபுரிபவர்களும் தந்த மதிப்பீடுகள் பகுத்துப் பார்க்கப்பட்டன. அம்மதிப்பீடுகளில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டதற்குக் காரணம் மதிப்பிடப்பட்டவரின் வேலை அல்ல, மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கு என்று தெரியவந்தது.

எனவே, "எங்கள் மென்பொருள் அப்ரைசலில் பாரபட்சத்தை நீக்கிவிடும்" என்று எந்த விற்பனையாளராவது சொன்னால், அதை அப்படியே ஏற்க வேண்டாம். ஒரே ஆளின் கருத்தை ஒரு தசம இடம் வரை துல்லியமாகக் காட்டுவதால் அது உண்மையாகிவிடாது. அந்த மென்பொருளால் செய்யக்கூடியது வேறு: பலருடைய கருத்துகளை ஒரே இடத்தில் சேர்ப்பது, பேச்சு நடக்க வேண்டிய நாளை நினைவூட்டுவது, மார்ச்சில் நடந்ததை டிசம்பரில் மறந்துவிடாமல் வைத்திருப்பது. இவை சிறிய உதவிகள் அல்ல. ஆனால், பேச வேண்டியது மேலாளர்தான்.

இங்கே பொறுப்பு யாருடையது என்பதையும் கவனிக்க வேண்டும். வரி விதியோ தொழிலாளர் சட்டமோ மாறினால், உங்கள் நாட்டுச் சட்டத்துக்கென்று சம்பள மென்பொருளை விற்கும் நிறுவனம் அதற்கேற்பத் தன் மென்பொருளைத் திருத்தித் தந்தாக வேண்டும். நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்காகத்தான். பணித்திறன் மதிப்பீட்டில் அப்படி வெளியிலிருந்து வரும் விதிப்புத்தகம் எதுவும் இல்லை. முறையை நீங்கள்தான் வகுக்க வேண்டும். நீங்கள்தான் மாற்ற வேண்டும். அடோபி நிறுவனம் 2012இல் வருடாந்தர அப்ரைசலைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் நடக்கும் உரையாடல் முறைக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில், ஊழியர்களை முன்கூட்டியே வகுத்த விகிதத்தில் தரம் பிரிக்கும் முறையை நிறுத்தியது. மதிப்பீட்டுப் பணிகளுக்கென்று ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் மணிநேரம் செலவாவதாகக் கணக்கிட்டுப் பார்த்த டெலாய்ட் நிறுவனம், 2015 வாக்கில் தன் முறையை மாற்றி அமைத்தது. பெரிய நிறுவனங்களே இப்படி முறையை மாற்றும்போது, இன்றைய முறையை மாற்ற முடியாதபடி இறுக்கிக் கட்டும் மென்பொருள் ஒன்றை வாங்குவது வீண் செலவு. முறை எதுவும் இன்னும் வகுக்கப்படவில்லை என்றால், மென்பொருளோடு வரும் ஆயத்தப் படிவங்களே உங்கள் முறையாகிவிடும். அது நீங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல.

(திரையில்: நிறுவன வரைபடம். ஒரு பெயர் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நகர்கிறது.)

இனி, எதை முதலில் வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களுக்கு என் விடை, எச்ஆர் செயல்பாட்டு மென்பொருள்தான். காரணம் அதன் வசதிகள் அல்ல. யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்ற ஒற்றைத் தகவல்.

பணித்திறன் மென்பொருளில் நடப்பவை யாவும் இந்தத் தகவலின் மேல்தான் நிற்கின்றன. இலக்கை ஒப்புக்கொள்பவர், மதிப்பாய்வை எழுதுபவர், அதைப் படிக்க அனுமதி உள்ளவர் ஆகிய அனைவரும் மேலாளர் யார் என்பதை வைத்தே முடிவாகிறார்கள். இத்தகவல் சரியாகப் பராமரிக்கப்படாத நிறுவனத்தில் மதிப்பாய்வுக் காலம் தொடங்கினால், வேலையை விட்டுப் போனவரின் பெயருக்குப் படிவம் போகும்; ஆறு மாதங்களுக்கு முன் வேறு துறைக்குப் போன மேலாளரிடம் பழைய குழுவின் மதிப்பாய்வுகள் நிற்கும்; புதிதாகச் சேர்ந்தவருக்கு எதுவுமே வராது. அந்த வாரம் முழுவதும் மனிதவளத் துறையினர் பெயர்ப்பட்டியலைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். மென்பொருள் சரியில்லை என்ற பேச்சு அலுவலகம் எங்கும் பரவும். மென்பொருளின் மேல் தவறே இருக்காது.

ஒருவர் ஒரே நேரத்தில் இருவருக்குக் கீழே பணிபுரியும் இடங்களில் இது இன்னும் சிக்கலாகும். துறைத் தலைவர் ஒருவர், திட்டப்பணியின் தலைவர் இன்னொருவர் என்றிருக்கையில், விடுப்பை அனுமதிப்பவர் முதலாமவராகவும், வேலையை அன்றாடம் பார்ப்பவர் இரண்டாமவராகவும் இருப்பார். பல எச்ஆர் மென்பொருள்களில் மேலாளர் என்ற இடத்தில் ஒரு பெயரைத்தான் இட முடியும். சம்பளத்துக்கும் விடுப்புக்கும் அது போதும். மதிப்பீட்டுக்குப் போதாது.

ஆகவே, விற்பனையாளர் செய்துகாட்டும் டெமோவில் அவர்கள் தயாரித்துவைத்த உதாரணங்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நீங்களே ஒரு சோதனை வையுங்கள். ஏழு மாதம் ஒரு குழுவில் பணியாற்றிவிட்டு ஆண்டின் நடுவில் வேறு குழுவுக்கு மாறிய ஒரு பணியாளரை எடுத்துக்கொண்டு, அவருடைய ஆண்டு மதிப்பாய்வை அந்த மென்பொருளில் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பழைய மேலாளர் எழுதிய குறிப்புகள் புதியவருக்குத் தெரிகின்றனவா, பாதியில் விட்ட இலக்குகள் என்னவாகின்றன, இறுதி ரேட்டிங்கை இடுபவர் யார் என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை, வசதிப் பட்டியலின் பத்துப் பக்கங்களைவிட அதிகம் சொல்லும்.

விதிவிலக்குகளும் உண்டு. சம்பளக் கணக்கை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, பணியாளர் பட்டியலை ஒழுங்காகப் பராமரித்துவரும் நிறுவனத்தில், "என் வேலை எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை" என்ற காரணத்தைக் கூறி நல்லவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டிருந்தால், அங்கே பணித்திறன் மென்பொருளை முதலில் வாங்குவதே பொருத்தம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய குழுவாக இருந்தால், ஒரு விரிதாளும் மாதம் ஒருமுறை நடக்கும் நேர்ப்பேச்சும் போதுமானவை. இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

(திரையில்: இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி. அது ஒரு திசையில் மட்டும் செல்கிறது.)

இரண்டும் தேவைப்படும் நிலை வந்தால், ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக வாங்குவதா, தனித்தனியாக வாங்கி இணைப்பதா என்ற கேள்வி எழும். இத்துறையின் தொகுப்புகள் பல, வாங்கிச் சேர்த்தோ பின்னர் கட்டியோ உருவானவை. பணித்திறன் மேலாண்மையில் தொடங்கிய சக்சஸ்ஃபேக்டர்ஸை வாங்கப்போவதாக எஸ்ஏபி 2011 டிசம்பரில் அறிவித்தது. ஆளெடுப்பு மென்பொருளுக்குப் பெயர்பெற்ற டேலியோவை ஆரக்கிள் 2012இல் வாங்கியது. 2015இல் தொடங்கி, பணித்திறன் மேலாண்மையால் அறியப்பட்ட லாட்டிஸ், பின்னாளில் பணியாளர் விவர அமைப்பையும் சேர்த்துக்கொண்டது. எனவே, "எந்தப் பகுதி முதலில் உருவானது, எது பிறகு சேர்ந்தது?" என்று விற்பனையாளரிடம் நேராகக் கேட்பதில் தவறில்லை. பிறகு சேர்ந்ததை இரு மடங்கு கவனத்தோடு சோதிக்க வேண்டும்.

தனித்தனியாக வாங்கினால், பணியாளர் விவரங்களுக்கு எச்ஆர் மென்பொருள் ஒன்றே மூலமாக இருக்க வேண்டும். தகவல் அங்கிருந்து பணித்திறன் மென்பொருளுக்குச் செல்ல வேண்டுமே தவிர, இரண்டு இடங்களிலும் தனித்தனியே திருத்த அனுமதிக்கக் கூடாது. ஒருவர் பணியிலிருந்து விலகினால் மற்றதில் அவருடைய கணக்கு எத்தனை நேரத்தில் மூடப்படும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டும் சந்திக்கும் இடங்களில் மிக நுட்பமானது சம்பள உயர்வு. ரேட்டிங்கை நேரடியாகச் சம்பள உயர்வின் சூத்திரத்தில் செலுத்தும் வசதி கவர்ச்சியானது. பல மணிநேர வேலையை அது மிச்சப்படுத்தும். ஆனால், ஒரு மேலாளர் தயக்கத்தோடு இட்ட 3 என்ற எண், மறுபக்கம் போய்ச் சேரும்போது தயக்கத்தை இழந்துவிட்டு, சேர்ந்த தேதியைப் போல ஓர் உண்மையாக உட்கார்ந்துகொள்கிறது. இலக்குகளோடு பணத்தை இணைத்தால் ஊழியர்கள் எளிதில் எட்டக்கூடிய இலக்குகளையே எழுதத் தொடங்குவார்கள் என்பதும் பழைய அனுபவம். இன்டெல்லில் ஆண்டி குரோவ் 1970களில் வளர்த்தெடுத்து, ஜான் டோயர் 1999இல் கூகுளுக்குக் கொண்டுசென்ற ஓகேஆர் முறையில் (இலக்குகளையும், அவற்றை எட்டியதை அளக்கும் முக்கிய முடிவுகளையும் சேர்த்து எழுதும் முறை), இலக்குகளைச் சம்பளத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான். இரு மென்பொருள்களையும் இணைத்தாலும், இந்த ஓர் இடத்தில் மட்டும் நடுவே ஒரு மனிதரின் ஒப்புதல் இருப்பது நல்லது.

(திரையில்: பூட்டு ஒன்றும், அனுமதி உள்ளவர்களின் பட்டியலும்.)

மதிப்பாய்வில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஒருவரைப் பற்றிய தனிப்பட்ட தகவல். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறும் உரிமை பணியாளருக்கும் உண்டு. மேலாளரின் கருத்துகளும் அதில் அடங்கக்கூடும். பணியாளர்களை மதிப்பிடுவதற்கான செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை 2024இன் ஐரோப்பியச் சட்டம் அதிக ஆபத்து உள்ள வகையில் சேர்த்திருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு இச்சட்டங்கள் பொருந்தாவிட்டாலும், மதிப்பாய்வைத் தானே எழுதித் தரும் வசதியை இயக்குவதற்கு முன், அதை அணைத்துவைக்க முடியுமா, உங்கள் ஊழியர்களைப் பற்றிய குறிப்புகள் எங்கே அனுப்பப்படுகின்றன என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

(திரையில்: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்.)

கடைசியாக, விலகும் வழி. பணியாளர் விவரங்களும் சம்பள வரலாறும் அட்டவணை வடிவில் இருப்பவை என்பதால், அவற்றை வேறு மென்பொருளுக்கு மாற்றுவது ஓரளவு எளிது. மதிப்பாய்வுகள் அப்படியல்ல, கேள்வி, பதில், அதன் மேல் கருத்து, கருத்துக்கு மறுமொழி என்று அடுக்கடுக்காக இருக்கும் அவற்றை வெளியே எடுத்தால் எந்த வடிவில் கிடைக்கும், யாருக்கு எதைப் பார்க்க அனுமதி இருந்தது என்ற விவரமும் கூடவே வருமா என்பதை முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். சோதனைக் காலத்திலேயே நான்கு மாதிரி மதிப்பாய்வுகளை உள்ளே இட்டு, பின்னர் அவற்றை வெளியே எடுத்துப் பாருங்கள். கிடைக்கும் கோப்பை மென்பொருளின் உதவி இல்லாமலே படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால், கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் குறையை விற்பனையாளரிடம் காட்டித் தீர்வை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.